வீலுக்குள் ஏறாத டெம்ப்ளேட்

சிஎஸ்வி கோப்பைக் கொடுத்தால் எச்டிஎம்எல் அறிக்கை எடுத்துத் தரும் கமாண்ட் லைன் டூல் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். பைத்தானில் எழுதியது, ஓப்பன் சோர்ஸ். அதன் 0.4.0 பதிப்பை வெளியிட்ட இரண்டாம் நாள் ஒரு பயனர் இஷ்யூ (பிழை முறையீடு) திறந்திருந்தார். இன்ஸ்டால் ஆகிறது, ஹெல்ப் வருகிறது, அறிக்கை கேட்டால் மட்டும் 'ஃபைல் நாட் ஃபவுண்ட்'. பிழை எந்தெந்த வரி வழியாக வந்தது என்று காட்டும் டிரேஸ்பேக்கை ஒரு வரி விடாமல் ஒட்டியிருந்தார்.

என் கணினியில் ஓட்டினேன், அறிக்கை வந்தது. டெஸ்ட் எல்லாம் பச்சை. ஒரு மணி நேரம் கோப்பின் பாதையைச் சேர்க்கும் வரிகளையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் அவருடைய டிரேஸ்பேக்கில் சைட் பேக்கேஜஸ் (இன்ஸ்டால் செய்த தொகுப்புகள் தங்கும் கோப்புறை) என்று இருப்பது கண்ணில் பட்டது. நான் வைத்திருப்பது எடிட்டபிள் இன்ஸ்டால். அது என் சோர்ஸ் கோப்புறையையே நேராகப் படிக்கும். டெஸ்ட்டும் அங்கிருந்துதான் ஓடுகிறது. பயனர் கைக்குப் போவது வீல் என்ற இன்ஸ்டால் தொகுப்பு. அதை நான் ஒருமுறைகூட இன்ஸ்டால் செய்து பார்த்ததில்லை.

வீல் என்பது வேறு பெயரில் இருக்கும் ஜிப் கோப்புதான். அன்ஜிப் கட்டளையால் உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் எடுத்தேன். 11 பைத்தான் கோப்புகள், கொஞ்சம் மெட்டாடேட்டா, அவ்வளவுதான். அறிக்கையின் வடிவத்தைக் கொண்ட டெம்ப்ளேட்ஸ் கோப்புறையே இல்லை. கூடவே உருவான, சோர்ஸ் தொகுப்பான டார் கோப்பைத் திறந்தால் அதில் பத்திரமாக இருந்தது! எந்தக் கோப்புகளைச் சேர்ப்பது என்று சொல்லும் மேனிஃபெஸ்ட்டில் எழுதியிருந்தேனே, அது சோர்ஸ் தொகுப்புக்கு மட்டும். நான் இன்னும் பழைய செட்டப் கோப்பு முறையில் இருப்பதால், டேட்டா கோப்புகளை வீலில் சேர்க்க, பில்ட் செய்யும் கருவியான செட்டப்டூல்ஸுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 0.3 வரை டெம்ப்ளேட் கோடுக்குள்ளேயே ஒரு ஸ்ட்ரிங்காக இருந்ததால் இந்தச் சிக்கல் எழவே இல்லை.

சரி, செட்டப் கோப்பின் பேக்கேஜ் டேட்டா பகுதியில் ஒரு வரி சேர்த்து மறுபடி பில்ட் செய்தேன். இந்த முறை முதன்மை டெம்ப்ளேட் வந்துவிட்டது, அட்டவணைக்கான துண்டு டெம்ப்ளேட் வரவில்லை. நட்சத்திரக் குறி போட்டால் அந்தக் கோப்புறையோடு நின்றுவிடும், துணைக் கோப்புறைக்குள் இறங்காது. அதற்கு இன்னொரு வரி. பழைய பில்ட் கோப்புறையையும் அழித்துவிட்டுத்தான் கடைசி பில்ட் எடுத்தேன். நீக்கிய கோப்புகள் அதில் தங்கி வீலுக்குள் வந்துவிடுவதுண்டு.

பைத்தான் தொகுப்புகளின் பொதுக் களஞ்சியமான பைபிஐயில் ஒரு கோப்பை நீக்கினாலும் அதே பெயரில் மறுபடி ஏற்ற முடியாது. அதனால் 0.4.1 என்று வெளியிட்டு 0.4.0ஐ யாங்க் செய்தேன். அந்த எண்ணைத் துல்லியமாகக் குறிப்பிட்டுக் கேட்டால் தவிர, இன்ஸ்டால் செய்யும் கருவியான பிப் இனி அதை எடுக்காது.

இப்போது ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன், தானாகச் சோதனை ஓட்டும் சிஐ, புதிய விர்ச்சுவல் என்விரான்மென்ட்டில் (தனித்த பைத்தான் சூழலில்) வீலை இன்ஸ்டால் செய்து, ரெப்போவுக்கு (சோர்ஸ் இருக்கும் கோப்புறைக்கு) வெளியே போய் ஓர் அறிக்கை எடுத்துப் பார்க்கிறது. வெளியே போவது முக்கியம். உள்ளேயே நின்றால் பைத்தான் மறுபடி சோர்ஸையே எடுத்துக்கொள்ளக்கூடும்.

அறிக்கை வந்துவிட்டது என்று அவர் எழுதியதும் இஷ்யூவை மூடினேன். டிரேஸ்பேக்கை முழுசாகக் கொடுத்ததற்கு நன்றி சொல்லி, சேஞ்ச்லாகில் அவருக்காக ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.