ஒரு சங்கிலிக்கு ஒரு வால்

மார்ச் 3
ஃபுளோரின் முனை வைத்த பாலிஸ்டைரீன் (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பிளாஸ்டிக்) இன்று தயார். மெல்லிய படலமாக்கினால் அந்த முனை மேலே வந்து நீரையும் எண்ணெயையும் விலக்குமா என்று பார்க்க வேண்டும். சங்கிலியின் மூலக்கூறு எடை 10,000. ஒரு நுனியில் மட்டும் 8 கார்பன், 17 ஃபுளோரின் கொண்ட குட்டி வால்; மொத்த எடையில் 4 சதவீதம்தான். மெத்தனாலில் வீழ்படிவாக்கி மூன்று முறை கழுவினேன். சங்கிலியில் சேராமல் மிஞ்சிய ஃபுளோரின் சேர்மம் படலத்தில் முதல் ஆளாக மேலே ஏறிவிடும். அது செய்த வேலையை வால் செய்ததாக நினைத்துவிடக் கூடாது.

மார்ச் 5
டொலுவீன் என்ற கரைப்பானில் கரைத்து, சிலிக்கான் தகட்டில் ஸ்பின் கோட்டிங் (தகட்டைச் சுழற்றி மெல்லிய படலமாகப் பரப்புவது). சாதாரண பாலிஸ்டைரீனில் நீர்த்துளியின் தொடுகோணம் (துளியின் விளிம்பு பரப்போடு சேரும் கோணம்; கூடக் கூட நீர் விலகுகிறது) 90 டிகிரி. வால் உள்ளதில் 96. இவ்வளவுதானா என்றிருந்தது. டொலுவீன் நொடிகளில் பறந்துவிடுகிறது. வால்கள் மேலே வருவதற்குள் படலம் இறுகிவிடுகிறது.

மார்ச் 7
பாலிஸ்டைரீன் சங்கிலிகள் சுமார் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் தாராளமாக அசையும். அதனால் நேற்று இரவு முழுக்க 130 டிகிரியில், வெற்றிட அடுப்பில். இன்று காலை 107!

அப்புறம் ஹெக்ஸாடெக்கேன் என்ற எண்ணெய் ஒரு துளி. சாதாரணப் படலத்தில் அது விட்ட மாத்திரத்தில் பரவி மினுமினுத்தது. இதில் குட்டிக் குவியலாக நின்றது. ஊசியை எடுத்த பிறகும் விளிம்பு நகரவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த எண்ணெயின் பரப்பு இழுவிசை (பரப்பைச் சுருக்கப் பார்க்கும் விசை), மீட்டருக்கு 27 மில்லிநியூட்டன். படலத்தின் எண் இதைவிடக் குறைவாக இருந்தால் எண்ணெய் பரவாமல் நிற்கும். பாலிஸ்டைரீனுக்கு அது 40 பக்கம், டெஃப்லானுக்கு 20க்குள். வாலின் நுனியில் உள்ள சிஎஃப்3 (ஒரு கார்பன், மூன்று ஃபுளோரின்) தொகுதிகள் நெருக்கமாக அடுக்கி நின்றால் 6 வரை இறங்கும். என் படலம் அவ்வளவு ஒழுங்கானதல்ல. ஆனாலும் எண்ணெய் நிற்கிறதே!

மார்ச் 10
எக்ஸ்பிஎஸ் (எக்ஸ் கதிர் பாய்ச்சி, மேற்பரப்பில் என்னென்ன அணுக்கள் என்று பார்க்கும் சோதனை) முடிந்தது. 285 எலக்ட்ரான்வோல்ட்டில் பாலிஸ்டைரீனின் கார்பன்; 292 பக்கம் தனியாக ஒரு சிறு முகடு, அது வாலில் உள்ள சிஎஃப்2. தகட்டைச் சாய்த்து மேலடுக்கை மட்டும் பார்த்தால் அந்த முகடு நன்றாக வளர்கிறது. வால்கள் மேலேதான் இருக்கின்றன.

மார்ச் 11
1,00,000 எடைச் சங்கிலி: 92 டிகிரி. நீளம் கூடினால் நுனிகள் அருகிவிடும், சரி.

மார்ச் 14
அதே வால், பாலிபியூட்டைல் மெத்தாகிரிலேட் என்ற வேறொரு பிளாஸ்டிக்கில். இது அறை வெப்பத்திலேயே அசையும். முன்னேறும் கோணம் (துளி பெருகி விளிம்பு நகரும்போதுள்ள தொடுகோணம்) 104, பின்வாங்கும் கோணம் (நீரை உறிஞ்ச விளிம்பு சுருங்கும்போதுள்ளது) 85. இரண்டு நாள் நீரில் போட்டிருக்கிறேன்.

மார்ச் 16
முன்னேறும் கோணம் 98, பின்வாங்குவது 62! நீரைக் கண்டதும் இந்தச் சங்கிலியில் உள்ள, நீரோடு ஒத்துப்போகும் எஸ்டர் தொகுதிகள் மேலே வர, வால்கள் உள்ளே போயிருக்க வேண்டும். 60 டிகிரி வெற்றிடத்தில் வைத்து எடுத்தேன்: முன்னேறும் கோணம் திரும்பவும் 103. 7ஆம் தேதித் தகட்டில் பின்வாங்கும் கோணத்தை அளக்கவே இல்லை. நாளை முதல் வேலை அதுதான்.