கடல் தொட்டிக்கு நல்ல தண்ணீர் தேடிய கதை

இரண்டடி நீளம், ஓரடி அகலம், பதினாலு அங்குல உயரம். கண்ணாடியைக் கடையில் அளவுக்கு வெட்டி வாங்கி, வீட்டில் முருகை (பவளம்) வளர்க்க நானே சிலிக்கன் வைத்து ஒட்டிய கடல்நீர்த் தொட்டி. கல்லும் மணலும் போக 55 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். 2024 தையில் தொடங்கியது, இந்த ஆவணியோடு இருபது மாதம். யாழ்ப்பாணத்து இணுவிலில், முன் அறையில், அப்பாவின் பழைய தையல் மிசின் நின்ற இடத்தில் இருக்கிறது.

தொடங்கும்போது என் கவலையெல்லாம் உப்புத் தண்ணீரைப் பற்றித்தான். இருபது மாதக் குறிப்புக் கொப்பியை இப்போது புரட்டிப் பார்த்தால், உப்புத் தண்ணீரால் வந்த தலையிடி அதில் மிகக் குறைவு. முக்கால்வாசியும் நல்ல தண்ணீரால் வந்தது.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், பார்க்கிற எல்லோரும் கேட்பதால். கடலில் இருந்து உயிருள்ள முருகையை உடைத்துக் கொண்டுவருகிற யோசனை யாருக்கும் வேண்டாம். கல்முருகைகள் இலங்கையில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. என்னிடம் இருப்பவை மென்முருகைகள். கொழும்பில் பல வருடமாகத் தொட்டி வைத்திருக்கும் ஒரு அண்ணை, தன் தொட்டியில் பெருகியதை வெட்டித் தந்த துண்டுகள். ஒரு தோல் முருகை, நாலு காளான் முருகை, விரல்நகம் அளவில் பூப்பூவாக விரியும் ஸோவாந்தஸ் ஒரு கொத்து, சீனியா ஒரு துண்டு. றெஜிபோம் பெட்டிக்குள் வைத்து இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

அடியில் வைத்த கல் நம்மூர்க் கல். பக்கத்து வளவில் கிணறு ஆழமாக்கியபோது எடுத்துக் குவித்த சுண்ணாம்புக்கல்லில் ஓட்டை ஓட்டையாக இருந்தவற்றைப் பொறுக்கினேன். ஒன்றில் சிப்பியின் வரி அப்படியே பதிந்திருக்கிறது. குடாநாடே ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்த சுண்ணாம்புக்கல் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஆனால் அந்தக் கல்லைத் திரும்ப உப்புத் தண்ணீருக்குள் வைத்தபோது ஒரு சின்னச் சந்தோசம். நெடுந்தீவைச் சேர்ந்த பக்கத்து வீட்டு ஐயா ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, உதெல்லாம் எங்கட ஊரில வேலி கட்டுற கல்லெல்லே, உதுக்கு ஏன் லைற் போட்டு வைச்சிருக்கிறாய்?" என்றார். அவர் சொன்னது முருகைக்கல் வேலியை. என் தொட்டியில் உள்ள மென்முருகைக்குக் கல் உடம்பே கிடையாது என்று விளங்கப்படுத்த அரை மணி போனது.

தோட்டத்து மண் பட்ட கல் என்பதால் பிரஷ் போட்டுத் தேய்த்து, ஒரு மாதம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்தேன். அப்புறம் தொட்டியில் இட்டு, பக்ரீரியா பிடித்து அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியத்துக்கு வர ஐந்து வாரம். இதைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பொறுமையாக இருந்தால் சரி.

கடல் தண்ணீருக்கு கீரிமலைக்குப் போனேன். கடல் பக்கத்தில் இருக்க உப்புப் பக்கற்றுக்கு ஏன் காசு என்ற கணக்கு. இரண்டு கான் நிரப்பிக்கொண்டு வந்து உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீற்றரில் ஒரு துளி விட்டால் 29 காட்டுகிறது. வேண்டியது ஆயிரத்துக்கு 35. கருவிதான் பிழை என்று நினைத்தேன். அதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு: சமையலறைத் தராசில் 36.5 கிராம் அயடின் கலக்காத சுத்த உப்பு நிறுத்து, 963.5 கிராம் வடிநீரில் கரைத்தால், அந்தக் கரைசல் இந்தக் கருவியில் 35 காட்ட வேண்டும். கருவி 36 காட்டியது. ஆகக் கருவியின் பிழை ஒன்று, அதுவும் மறுபக்கமாக. தண்ணீர் உண்மையிலேயே உப்புக் குறைந்ததுதான்.

யோசித்தால் காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. கீரிமலைக் கேணியில் எல்லோரும் குளிக்கிற ஊற்று, கல்லுக்குள்ளால் வந்து கடலோரத்தில் வெளியேறுகிற நிலத்தடி நன்னீர். நான் கான் நிரப்பிய இடம் கேணிக்குப் பக்கத்தில். போதாததற்கு மாதம் தை. மழைக்காலத்தில் வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த தண்ணீர் நம் கரைக்கு இறங்குகிற நேரம். ஆடியில் காங்கேசன்துறைப் பக்கம் எடுத்தது 34 இருந்தது. கடனீரேரித் தண்ணீரை எண்ணவே வேண்டாம், அது மாரியில் ஒன்று, கோடையில் இன்னொன்று. இப்போது கோடையில் மட்டும் கடலில் எடுக்கிறேன். வெள்ளைத் துணியால் வடித்து, மூடிய பரலில் இருட்டில் இரண்டு கிழமை வைத்து, குறைகிற உப்பைப் பக்கற் உப்பால் ஏற்றுவேன். மாரியில் முழுக்கப் பக்கற் உப்புத்தான்.

அடுத்தது சித்திரை. காற்றில்லாத புழுக்கம். மத்தியானம் மூன்று மணிக்குத் தொட்டியின் வெப்பமானி 31.8 பாகை. 25, 26 இல் வைத்திருக்க வேண்டியது. முருகையின் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தில் உணவு தயாரித்து முருகைக்குக் கொடுப்பது அதுதான், நிறத்தில் பாதியும் அதன் நிறம். வெப்பம் கூடினால் முருகை அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். என் காளான்களில் ஒன்று நாலே நாளில் செம்பழுப்பில் இருந்து தேத்தண்ணிக்குப் பால் கூடிப்போன நிறத்துக்கு வந்து, பிறகு வெள்ளையாகி, ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குச் சுருங்கியது. அதே சித்திரையில்தான் உலகம் முழுதும் நாலாவது தடவையாகப் பெரும் முருகை வெளிறல் நடக்கிறது என்று கடலையும் வளிமண்டலத்தையும் ஆராயும் அமெரிக்காவின் நோவா நிறுவனம் அறிவித்தது. 1998 இலும் 2016 இலும் இலங்கைக் கடலில் நடந்ததை வாசித்துத்தான் இருந்தேன். முன் அறையில் ஒரு காளானில் பார்த்த பிறகு அந்தச் செய்தி வேறு மாதிரி இருந்தது.

குளிரூட்டி வாங்கக் காசில்லை. கம்பியூட்டருக்குள் இருக்கும் 12 வோல்ற் விசிறிகள் இரண்டைத் தொட்டியின் விளிம்பில் சாய்வாகப் பொருத்தி, தண்ணீரின் மேற்பரப்பில் காற்றுப் படவைத்தேன். மண்பானை குளிர்கிற அதே வித்தை. லைற்றையும் பத்து மணித்தியாலத்தில் இருந்து ஏழாகக் குறைத்து, மாலையில் எரியவிட்டேன். இரண்டு நாளில் 28.6க்கு இறங்கியது. வைகாசியில் சோளகம் பிடித்ததும் 27. வெளுத்த காளான் பிழைத்துக்கொண்டது, நிறம் திரும்ப மூன்று மாதம் எடுத்தது.

வெப்பம் தீர்ந்தது, பிரச்சினை இடம் மாறியது. விசிறி குளிர்விப்பது தண்ணீரை ஆவியாக்கித்தான். ஒரு நாளைக்கு இரண்டு லீற்றர் போய்க்கொண்டிருந்தது. போவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே நிற்கும். அதனால் குறைகிற அளவுக்கு நன்னீர்தான் ஊற்ற வேண்டும். வீட்டில் நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கிறது, உவர் துளியும் இல்லை, ஊரே அள்ளிக் குடித்த கிணறு. தினமும் காலையில் இரண்டு லீற்றர் அள்ளி ஊற்றினேன்.

ஆனி நடுவில் கல்லெல்லாம் பச்சை மயிர் முளைத்தது மாதிரிப் பாசி. பழைய பல்லுத்தூரிகையால் உரசி எடுத்தால் நாலாம் நாள் திரும்ப நிற்கும். மணலில் ஊதா நிறத்தில் சவ்வு மாதிரி இன்னொன்று. ஸோவாந்தஸ் பாதி விரியவே இல்லை. தொட்டி மீனுக்குப் போடும் சாப்பாட்டைக் குறைத்தேன், லைற்றைக் குறைத்தேன், ஒன்றும் சரிவரவில்லை. தொட்டியில் நைத்திரேற்று அளந்தால் சோதனைக் குழாய் கடும் சிவப்பு, அட்டவணையின் கடைசிக் கட்டத்துக்குப் பக்கத்தில். இருக்கவேண்டியது லீற்றருக்கு 5, 10 மில்லிகிராம். ஒருநாள் எரிச்சலில் கிணற்றுத் தண்ணீரையே குழாயில் விட்டுப் பார்த்தேன். அதுவும் சிவப்பு. ஏறக்குறைய 50.

வீட்டுக்குப் பின்னால் செம்பாட்டுத் தோட்டம். வெங்காயம், புகையிலை, மரக்கறி, வருடம் முழுக்க யூரியா. பசளையில் மிஞ்சியது தண்ணீரோடு சேர்ந்து சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள்ளால் நேரே கிணற்றுக்கு இறங்குகிறது. எங்கள் ஊர் அடங்கும் வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று அதிகம் என்பது பல காலமாக ஆய்வாளர்கள் சொல்லிவருவதுதான். குடிதண்ணீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லையே 50. இப்போது கணக்கைப் பாருங்கள்: நாளுக்கு இரண்டு லீற்றர், மாதத்துக்கு 60 லீற்றர். தொட்டியின் கொள்ளளவை விடக் கூட. அந்த 60 லீற்றரும் ஆவியாகிப் போனது, அதில் இருந்த 3,000 மில்லிகிராம் நைத்திரேற்று போகவில்லை. நான் தொட்டியில் தண்ணீர் காய்ச்சி வற்றவைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கிணறு நல்லதென்று சண்டைபிடித்த அம்மா, குழாயின் நிறத்தைப் பார்த்த பிறகு ஒன்றும் பேசவில்லை. அடுத்த கிழமை குடிக்கிற தண்ணீருக்குக் கடைக் கான் வந்தது.

நானும் அதே வழியில் போனேன். வடிகட்டிய ஆர்ஓ தண்ணீர் இப்போது சந்திக்குச் சந்தி விற்கிறார்கள். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் பேனா ஒன்று வாங்கினேன். கிணறு 780, கடைத் தண்ணீர் 32. அருமை. இரண்டு மாதம் கழித்து, அதே கடை, அதே கான், 140. அவர்களின் இயந்திரத்தில் தண்ணீரை வடிக்கும் சவ்வு தேய்ந்திருக்க வேண்டும். கேட்டதற்கு "குடிக்க நல்லம்தானே" என்றார்கள். அதுவும் சரிதான், அவர்கள் முருகைக்கு விற்கவில்லை. ஆகவே கடைத் தண்ணீர் என்றாலும் ஒவ்வொரு கானையும் அளந்த பிறகே ஊற்றுங்கள்.

இதற்கிடையில் ஆவணியில் நான் செய்த பெரிய மடத்தனம். மூன்று நாள் கொழும்புக்குப் போனேன், தண்ணீர் ஊற்ற ஒருவரையும் ஒழுங்கு பண்ணவில்லை. வந்து பார்த்தால் ஆறு லீற்றர் இறங்கி, உப்பு 39. பதறிப்போய் அரை மணித்தியாலத்துக்குள் ஆறு லீற்றரையும் ஊற்றினேன். மூன்று நாளில் 39 வரை ஏறியதைச் சமாளித்த உயிர்கள் அந்த அரை மணியைச் சமாளிக்கவில்லை. சீனியா விடிய முன்னம் கூழாகிவிட்டது, மணம் வேறு. இரண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றியிருந்தால் தப்பியிருக்கும்.

தோல் முருகையும் அன்று மூடிக்கொண்டது. உள்ளங்கை அளவு வட்டத்தில் பூங்கம்பளம் மாதிரி விரிந்திருப்பது, பூவெல்லாம் உள்ளே போய், ஊறிய இறப்பர்த் துண்டு மாதிரிப் பளபளத்துக்கொண்டு நின்றது. ஆறு நாள். இதுவும் போயிற்று என்று எடுத்தெறியத் துணிந்த நேரம், கொழும்பு அண்ணையிடம் கேட்டேன். "தோல் உரிக்குது, கைவைக்காதையும்" என்றார். ஏழாம் நாள் காலை, காய்ச்சிய பாலில் ஆடை திரள்வது போல மேலே மெல்லிய சவ்வு ஒன்று ஓரத்தால் கிளம்பி, தண்ணீரைச் சுற்றவிடும் மோட்டரின் ஓட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அதில் பாசியும் தூசியும் ஒட்டியிருந்தது. மோட்டரைக் கொஞ்சம் அதன் பக்கம் திருப்பினேன். மத்தியானத்துக்குள் சவ்வு முழுதாகக் கழன்று மிதந்தது. மாலையில் பூக்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன, முன்பிருந்ததை விடப் பளிச்சென்று. இப்போது சில மாதங்களுக்கு ஒருமுறை இப்படிச் செய்கிறது, நான் பேசாமல் இருக்கிறேன்.

ஸோவாந்தஸைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அந்த இனத்தில் சிலவற்றில் பாலிரொக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அது ஒட்டிய கல்லைச் சுடுதண்ணீரில் போடவே கூடாது, ஆவியை முகர்ந்தால் ஆஸ்பத்திரிதான்.

ஐப்பசி முதல் மழைக்குத்தான் விடிவு வந்தது. முற்றத்தில் தறப்பாளை நாலு மூலைக்கும் கட்டி, நடுவில் ஒரு கல்லை வைத்துச் சரித்து, கீழே பிளாஸ்ரிக் பரல். முதல் இரண்டு மழையை விட்டுவிட்டேன், தூசி போகட்டும் என்று. மூன்றாவது மழையைப் பிடித்து அளந்தால் பேனா 7 காட்டியது. தகரக் கூரைத் தண்ணீரை எடுக்கவில்லை. தகரத்தில் இருந்து கரையும் நாகம் முருகைக்கு ஆகாது, செம்பும் அப்படியே. அந்தக் கார்த்திகையில் யாழ்ப்பாணம் வெள்ளத்தில் நின்றது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு நாலு பரலும் நிரம்பி வழிந்தது. ஆனால் கரண்ட் ஒன்பது மணித்தியாலம் இல்லை. ஓட்டம் நின்றால் சில மணித்தியாலத்தில் ஒட்சிசன் குறைந்துவிடும். பற்றரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்ப் ஒன்று கைவசம் இருந்ததால் இரவு கழிந்தது. குளிர்காலம் என்பதும் உதவியது.

பாசி மாசிக்குள் போய்விட்டது. நைத்திரேற்று 8. கிழமைக்கு ஐந்து லீற்றர் உப்புத் தண்ணீர் மாற்றுவதைத் தவிர வேறு ஒன்றும் செய்வதில்லை. இந்தச் சித்திரையில் உச்சம் 28.9, ஒன்றும் வெளிறவில்லை. காளான் நாலு இப்போது ஒன்பது. அவற்றில் மூன்று, அந்த வெளுத்துப்போன ஒன்றின் பிள்ளைகள்.

அடுத்த மழைக்கு இன்னும் இரண்டு மாதம். பரல்களில் 90 லீற்றர் மிச்சம், கட்டுப்பாடாக விட்டால் போதும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். போன ஞாயிறு அம்மா, "உந்த மழைத் தண்ணியில ஒருக்காத் தேத்தண்ணி போட்டுப் பாப்பமே?" என்று காய்ச்சி வடிகட்டிக் கொண்டுவந்தார். மேலே ஆடை படியவில்லை, சாயம் தெளிவாகத் தங்க நிறத்தில் இறங்கியிருந்தது. அப்பா இரண்டாம் முறை கேட்டுக் குடித்தார். இன்று காலை பரலுக்குள் அடிமட்டம் விட்டுப் பார்த்தேன், 78 லீற்றர்.