மூன்று புள்ளிகள்: ஒரு ஹைட்ரோபிளேன் நாட்குறிப்பு

ஜனவரி 12

பெட்டியைத் திறந்தாயிற்று. உள்ளே ஒரு மாடல் ஹைட்ரோபிளேன், ரிமோட்டில் ஓட்டும் வேகப் படகு, நானே கட்ட வேண்டியது. லேசரில் வெட்டிய பிளைவுட் தகடுகள், ஸ்ப்ரூஸ் குச்சிகள், மூக்குக்கு ஒரு பால்சா கட்டை, எட்டாக மடித்த வரைபடம். லேசர் கருக்கிய ஓரங்களின் வாசனை அறையெங்கும் நிற்கிறது. எனக்குப் பிடித்த வாசனை, வீட்டில் மற்றவர்களுக்கு இல்லை.

படகின் நீளம் 66 செ.மீ. 3.5 சிசி குளோ எஞ்சினுக்காக, அதாவது எரிபொருளில் ஓடும் குட்டி எஞ்சினுக்காக, வரைந்தது. நான் அதில் பிரஷ்லெஸ் மின்மோட்டாரும் லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரியும் வைக்கப்போகிறேன். வரைபடத்தை மீறப்போவது இதில் மட்டும்தான் என்று இன்றைக்கு நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஃபைபர் கிளாஸ் படகு வாங்கினால் இரண்டே நாளில் தண்ணீரில் இறக்கலாமே, மரத்தோடு ஏன் மல்லுக்கட்டுகிறாய் என்றார் நண்பர். கென் வார்பியைச் சொன்னேன். ஆஸ்திரேலியாவில் தன் வீட்டுக் கொல்லையில், பெரும்பாலும் மரத்தால், தானே கட்டிய படகில் பழைய ஜெட் எஞ்சினைப் பொருத்தி, 1978 அக்டோபர் 8 அன்று மணிக்கு 511 கி.மீ. ஓட்டினார். நீர்மேல் வேகத்தில் அந்தச் சாதனையை இன்னும் யாரும் உடைக்கவில்லை. “நீ வார்பி இல்லையே” என்றார் நண்பர். சரிதான்.

ஜனவரி 18

சட்டங்களைப் பசையில்லாமல் கோத்துப் பார்த்தேன். மூன்றாம் சட்டம் லேசாக வளைந்திருந்தது. ஈரத் துணியில் சுற்றி, இரண்டு பலகைக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கியிருக்கிறேன்.

அடித்தளப் பலகையாகப் பழைய ஜன்னல் கண்ணாடியை எடுத்துக்கொண்டேன். மரப்பலகையைவிடக் கண்ணாடியை நம்பலாம். இந்தப் படகில் முறுக்கு இருந்தால் ஒரு மில்லிமீட்டர்கூடப் பெரிய விஷயம். ஒரு பக்கம் தூக்கும், மறுபக்கம் அமுங்கும், நேர்கோட்டில் போகவே போகாது. முறுக்கோடு ஒட்டிவிட்டால் பிறகு எந்த உப்புத்தாளாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

ஜனவரி 26

இன்று முழுக்க ஸ்பான்சன்கள்.

தெரியாதவர்களுக்காக: இந்தப் படகு முழு வேகத்தில் ஓடும்போது தண்ணீரைத் தொடுவது மூன்றே இடங்களில். முன்னால் இரண்டு பக்கமும் மிதவைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பான்சன்களின் பின்முனைகள் இரண்டு. பின்னால் ப்ரொப்பெல்லரின் கீழ்ப்பாதி. மற்றதெல்லாம் காற்றில். இரண்டு ஸ்பான்சன்களுக்கு நடுவே புகும் காற்று அடியில் அமுங்கி உடலைத் தூக்கிப் பிடிக்கிறது. படகு என்று சொல்கிறோமே தவிர, பாதி விமானம்.

ப்ரொப்பெல்லர் பாதி வெளியே நிற்பது முதலில் கேட்பவருக்குக் கோளாறாகத் தோன்றும். பெரிய படகுகளில் இந்த உத்தி எவ்வளவு வேலை செய்யும் என்று காட்டியது ஸ்லோ-மோ-ஷன் IV. டெட் ஜோன்ஸ் வடிவமைத்தது. 1950 ஜூன் 26 அன்று சியாட்டிலை ஒட்டிய வாஷிங்டன் ஏரியில் ஸ்டான் சேயர்ஸ் அதை மணிக்கு 160.32 மைல், அதாவது சுமார் 258 கி.மீ. ஓட்டினார். அதற்கு முந்தைய சாதனை 1939-இல் மால்கம் கேம்பல் வைத்த 141.74 மைல். ஒரே தாவலில் 18 மைலுக்குமேல்! தண்டும் அதைத் தாங்கும் பிடியும் தண்ணீரை உழாமல் மேலே வந்துவிட்டதில் குறைந்த இழுவையைத்தான் அந்த எண்ணில் பார்க்கிறோம்.

இனி என் மேஜைக்கு. ஸ்பான்சனின் அடித்தளம் தண்ணீரோடு மூன்றரை டிகிரி சாய்வில் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மூன்றரை. இடப்பக்கம் 3.5, வலப்பக்கம் 3.9 வந்தது. பசை காய்வதற்குள் பிரித்து, இடைவெளியை நிரப்ப ஒரு துண்டு விசிட்டிங் கார்டு செருகி, மறுபடி கவ்வி போட்டேன். இப்போது இரண்டும் 3.6. வரைபடம் கேட்டது இதில்லை, ஆனால் இரண்டும் ஒன்று. அதுபோதும்.

பிப்ரவரி 2

எப்பாக்ஸி பசை காய்கிறது. மகள் இரண்டு தடவை எட்டிப் பார்த்து, “அப்பா, இன்னைக்கும் காயுதா?” என்றாள்.

பிப்ரவரி 9

வரைபடத்தை மீறும் இரண்டாவது சந்தர்ப்பம்.

வளைவில் படகின் பின்பக்கம் வெளியே வழுக்கிப் போகாமலிருக்க, ஸ்பான்சனுக்குப் பின்னால் ஒரு அலுமினியத் தகடு கத்திபோல் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும். டர்ன் ஃபின். வரைபடத்தில் அது இடது ஸ்பான்சனில் இருக்கிறது. நிஜ ஹைட்ரோபிளேன்களைப் பார்த்து வரைந்தவர் அப்படித்தான் போடுவார், பெரிய படகுகள் இடஞ்சுழியாக ஓடுபவை, இடப்பக்கம்தான் திரும்பும். மாடல் படகுகளின் வழக்கம் நேரெதிர், வலஞ்சுழி. எங்கள் ப்ரொப்பெல்லர், பின்னாலிருந்து பார்த்தால், கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றும். தண்ணீருக்குள் இருக்கும் கீழ்ப்பாதி வலப்பக்கம் தள்ள, பின்பக்கம் இடதுக்கு ஒதுங்கி மூக்கு தானாகவே வலதுக்கு இழுக்கும்.

ஆகவே ஃபின் வலப்பக்கத்துக்கு மாறுகிறது, கூடவே சுக்கானும். வலது ஸ்பான்சனின் உள்ளே ஃபின்னைத் தாங்க ஒரு கடினமான பிளைவுட் துண்டு வேண்டும். நல்லவேளை, மேல்தளம் இன்னும் மூடவில்லை. இடது ஸ்பான்சனுக்கென்று வெட்டித் தந்த துண்டைத் திருப்பிப் போட்டால் அப்படியே உட்காருகிறது. ஐந்து நிமிட வேலை. யோசித்ததுதான் ஒரு வாரம்.

பிப்ரவரி 15

மோட்டார் உட்கார்ந்துவிட்டது. 36 மி.மீ. விட்டம், 2000 கேவி, அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 2000 சுற்று. நான்கு செல் பேட்டரியின் 14.8 வோல்ட்டில் நிமிடத்துக்கு 29,600 சுற்று, சுமையில்லாதபோது. மோட்டாரிலிருந்து ப்ரொப்பெல்லர் வரை போவது வளையும் கம்பிக் கேபிள், பித்தளைக் குழாய்க்குள் டெஃப்லான் உறை, அதற்குள் கிரீஸ்.

கேபிள் புதிதாகக் கட்டுபவர்களை ஏமாற்றும். சுமை ஏறும்போது அதன் இழைகள் முறுகி இறுகும், அதில் நீளம் குறையும். ஆகவே தண்டைத் தாங்கும் பிடிக்கும் ப்ரொப்பெல்லரின் பூட்டுக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி விட வேண்டும், நான் நான்கு மில்லிமீட்டர் விட்டேன். அழகாக இருக்கட்டும் என்று ஒட்டி வைத்தால், ஓடும்போது பூட்டு பிடியை உரசி இரண்டையும் தின்றுவிடும்.

பிப்ரவரி 22

ப்ரொப்பெல்லர்: ஆக்டுரா எக்ஸ்442. 42 மி.மீ. விட்டம், பிட்ச் அதன் 1.4 மடங்கு, அதாவது ஒரு சுற்றுக்கு 58.8 மி.மீ. முன்னேற்றம். வார்த்தபடியே வரும், நாம்தான் கூர்தீட்டிச் சமன்செய்ய வேண்டும். பெரிலியம் கலந்த செம்பு, அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீருக்குள் வைத்தே அரம் போட்டேன், முகமூடியோடு.

29,600 சுற்றை 58.8-ஆல் பெருக்கினால் மணிக்கு 104 கி.மீ. ஏட்டுச் சுரைக்காய். சுமையில் சுற்று இறங்கும், தண்ணீரில் ப்ரொப்பெல்லர் வழுக்கும். எண்பதைத் தொட்டால் சந்தோஷம்.

மார்ச் 1

மேல்தளத்தை மூடினேன். மூடுவதற்கு முன் உள்ளறைகளுக்கெல்லாம் எப்பாக்ஸி பூச்சு, ஸ்பான்சன்களுக்குள் நுரைக்கட்டிகள். கவிழ்ந்து உள்ளே நீர் நிரம்பினாலும் படகு மிதக்க வேண்டும்.

அப்புறம் உப்புத்தாள். இரண்டு நாள், 120-இலிருந்து 600 வரை. நான் மரவேலைக்காரனின் பேரன், கூரான விளிம்பைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. எல்லா ஓரங்களையும் கூழாங்கல்போல் வழவழப்பாக்கி, மஞ்சள் பூசி, மேலே இரண்டு கை தெளிவு வார்னிஷ். பார்த்தவர்கள் எல்லாரும் தடவிப் பார்த்தார்கள்.

மார்ச் 9

முதல் ஓட்டம். தவளை.

நூறு மீட்டர் நேர்கோடு. பாதி வேகம்வரை ஒழுங்கு. அதற்குமேல் இடது ஸ்பான்சன், வலது ஸ்பான்சன், இடது, வலது என்று மாறி மாறிக் குதித்தது. ஸ்பான்சன்களின் பக்கச் சுவர்களில் தண்ணீர் ஏறிச் சிதறியது. படகுக்குள் வைத்த ஜிபிஎஸ் 51 கி.மீ. என்று காட்டியது.

மார்ச் 10

இரவு தூக்கம் வரவில்லை. மேஜைமேல் படகைக் கவிழ்த்து விரலால் விளிம்பைத் தடவியபோதுதான் புரிந்தது. நான் பெருமைப்பட்ட அதே வழவழப்பு.

குழாயிலிருந்து விழும் நீரில் கரண்டியின் முதுகைக் காட்டினால், நீர் வளைவோடு ஒட்டிக்கொண்டு கரண்டியை உள்ளே இழுக்கும். இங்கேயும் அதுதான். உருண்டையான விளிம்பில் தண்ணீர் பிரிந்து போகாமல் வளைந்து பக்கச் சுவரைப் பற்றுகிறது. ஒரு பக்கம் பற்றியது விடுபடும்போது மறுபக்கம் பற்றுகிறது. கூரான விளிம்பு இருந்தால் தண்ணீர் அங்கேயே வெட்டுண்டு போயிருக்கும். வரைபடத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ‘விளிம்புகளை உருட்டாதீர்’ என்று இருக்கிறது. இப்போதுதான் படிக்கிறேன்.

மருந்து: பக்கச் சுவரில் மாஸ்கிங் டேப்பை விளிம்புக்கு மேலே அணைபோல் நீட்டி ஒட்டி, மூலையில் எப்பாக்ஸியை ஊற்றி நிரப்பி, காய்ந்தபின் மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தட்டையாகத் தேய்ப்பது. வெறுங்கையில் தேய்க்கக் கூடாது, கை மறுபடி உருட்டிவிடும். மஞ்சள் பெயின்ட்டில் நாலு விரற்கடை அகலத்துக்குக் காயம். போகட்டும்.

மார்ச் 16

காலையில் அதே படகு வேறு படகு. குதிப்பு இல்லை. ஸ்பான்சன்கள் தண்ணீரில் இரண்டு வெள்ளைக் கோடு போட்டன, பின்னால் சேவல் வால்போல் நீர்த்தூவல் எழுந்து நின்றது. 78 கி.மீ.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். மூக்கு கொஞ்சம் கனமாக இருக்கிறது, இன்னும் லேசானால் எண்பதைத் தாண்டும் என்று தோன்றியது. பேட்டரியை 20 மி.மீ. பின்னால் தள்ளினேன். எதிர்காற்று வேறு ஆரம்பித்திருந்தது.

மூன்றாவது நேர்கோட்டில் மூக்கு மெதுவாகத் தூக்கியது. மெதுவாக என்பது ஒரு கணம்தான். மூக்கு தூக்கத் தூக்க அடியில் காற்று அதிகமாகப் பிடிக்கும், அது இன்னும் தூக்கும். நான் திராட்டிலை விடுவதற்குள் படகு பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டு முதுகில் விழுந்தது. சத்தம் அறை விழுந்ததுபோல்.

1955-இல் லூ ஃபாகியோல் ஓட்டிய ஸ்லோ-மோ-ஷன் V, தகுதி ஓட்டத்தில் இதேபோல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி நிமிர்ந்தே தண்ணீரில் இறங்கியது. அவர் பிழைத்தார், அதோடு பந்தயத்தை விட்டார். என் படகு அந்த நாகரிகத்தைக் காட்டவில்லை. தூண்டில் கம்பில் டென்னிஸ் பந்தைக் கட்டி வீசி, ஒன்பதாவது வீச்சில் இழுத்துக் கரையேற்றினோம். மேல்மூடி போயே போய்விட்டது. மேல்தளத்தில் ஒரு கீறல். நுரைக்கட்டிகள் இல்லாவிட்டால் படகே போயிருக்கும்.

மார்ச் 20

புது மூடி வெட்டினேன். ஈரமாக்கிய பிளைவுட்டை வளைத்து, ராத்திரி முழுக்கக் கட்டி வைத்தது.

எடை மையத்தை இந்தத் தடவை கண்மதிப்பில் விடவில்லை. மூடி, பேட்டரி, ப்ரொப்பெல்லர் எல்லாம் மாட்டி, இரண்டு பென்சில் முனைகளில் தாங்கிப் பார்த்தேன். வரைபடம் ஸ்பான்சனின் பின்முனையிலிருந்து 110 மி.மீ. பின்னால் என்கிறது. பேட்டரியைத் தள்ளிய நாளில் 122-க்குப் போயிருந்தது. இப்போது 106. ப்ரொப்பெல்லர் பிடியையும் ஒரு மில்லிமீட்டர் கீழே இறக்கினேன். ப்ரொப்பெல்லர் ஆழமானால் பின்பக்கம் உயரும், அந்த அளவுக்கு மூக்கு பணியும். வேகம் கொஞ்சம் குறையும். பரவாயில்லை.

மார்ச் 30

காற்றில்லாத காலை. ஆறு சுற்று, எல்லாம் வலப்பக்கத் திருப்பம். ஃபின் தண்ணீரைக் கவ்விப் பிடிப்பது கரையிலிருந்தே தெரிந்தது, பின்பக்கம் ஒருமுறைகூட வெளியே போகவில்லை. 76 கி.மீ. நண்பர் நேரத்தைக் குறித்துக்கொண்டே, “வார்பிக்கு இன்னும் 435 பாக்கி” என்றார்.

மகள் டிரான்ஸ்மிட்டரை வாங்கிக் கால்வாசி வேகத்தில் இரண்டு சுற்று ஓட்டினாள். மூன்றாவதில் முழுத் திராட்டில். நான் கையை நீட்டுவதற்குள் திருப்பத்துக்கு முன்னால் அவளே விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து கேபிளை உருவித் துடைத்துக் கிரீஸ் தடவி வைத்தேன். இடது ஸ்பான்சனைக் காதருகே ஆட்டினால் உள்ளே ஒரு சொட்டு உருள்கிறது. எங்கிருந்து புகுந்தது என்று நாளைக்குத்தான் பார்க்க வேண்டும்.