ஃபோவன்ட் மலைச்சரிவில் பட்டாளச் சின்னங்கள்: பார்க்கப் போகிறவர்களுக்கு

சால்ஸ்பரி ரயில் நிலைய வாசலில் நிற்கும் டாக்சியில் மட்டும் ஏறிவிடாதீர்கள். இங்கிலாந்தின் வில்ட்ஷயரில், மலைச்சரிவில் படைச் சின்னங்கள் பொறித்த ஊரான ஃபோவன்ட் அங்கிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர்தான். ஆனாலும் போக ஒரு கட்டணம், வர ஒரு கட்டணம், காத்திருந்ததற்குத் தனிக் கணக்கு என்று ஒரு நாள் சாப்பாட்டுக் காசு மொத்தமும் போய்விடும். ஃபோவன்ட் வழியாகப் போகும் பஸ் இருக்கிறது. தடவைகள் குறைவு என்பதால் திரும்பும் நேரத்தைப் பார்த்துக்கொண்டுதான் ஏற வேண்டும். ஞாயிற்றுக்கிழமையை நம்பவே வேண்டாம். நடந்து போகலாம் என்றால், ஃபோவன்ட் வழியே போகும் ஏ-30 நெடுஞ்சாலையோரம் பல இடங்களில் நடைபாதை கிடையாது, லாரிகள் உரசிக்கொண்டு போகும்.

இத்தனை சிரமமும் தகும். முதல் உலகப்போரில் பிரான்ஸ் போர்முனைக்குப் போகும் முன்பும், காயம்பட்டுத் திரும்பிய பின்பும், இந்தப் பள்ளத்தாக்கு முகாம்களில் தங்கிய சிப்பாய்கள் புல்லைச் செதுக்கி, அடியிலிருக்கும் சாக் (chalk) என்ற வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை தெரிய, தங்கள் படைச் சின்னங்களை மலையில் பொறித்தார்கள். 1916இல் லண்டன் ரைஃபிள் பிரிகேட் என்ற படைப்பிரிவு தொடங்கி வைத்தது. போர் முடிவதற்குள் 20 வரை சேர்ந்துவிட்டன. ஆஸ்திரேலியர்களின் உதயசூரியன் சின்னம் மட்டும் ஏறத்தாழ 50 மீட்டர் அகலம். ராணுவத் தகவல்தொடர்புப் பிரிவான ராயல் சிக்னல்ஸின் சின்னம் 1970இலும், போரில் இறந்தவர்களை நினைவுகூரும் பாப்பிப்பூ 2016இலும் வந்தவை. எல்லாமே அந்தக் காலத்துச் சிப்பாய்கள் செய்தவை என்று நினைத்துவிடாதீர்கள்.

மலைமேல் ஏறினால் நன்றாகத் தெரியும் என்று நினைப்பது தப்புக்கணக்கு. மேலே நின்றால் வெறும் புல்தான் தெரியும். ஏ-30 ஓரத்தில் வண்டி நிறுத்தும் இடத்தில் நின்று பைனாகுலரில் பாருங்கள். சரிவு வடக்கு பார்த்தது. குளிர்காலத்தில் வெயில் அதன்மேல் விழாது, போட்டோவும் மங்கலாகத்தான் வரும். மே முதல் ஆகஸ்ட் வரை போனால்தான் வெள்ளை பளிச்சிடும். சின்னங்கள் இருப்பது மேய்ச்சல் நிலத்தில். தயவுசெய்து சின்னங்களின் மேல் நடக்காதீர்கள், ஒரு செருப்புத் தடம்கூட ஓரத்தை உடைத்துவிடும்.

இவை அழியும் விதம்தான் மனத்தை உறுத்துகிறது. நிழல் விழும் சரிவில் பாசி ஏறி வெள்ளை சாம்பல் நிறமாகிறது. சாக் தண்ணீரை உறிஞ்சும் பாறை. குளிரில் அந்தத் தண்ணீர் உறைந்து பருக்கும்போது பாறை பொடிப்பொடியாகிறது, அந்தப் பொடியை அடுத்த மழை கீழே இழுத்துவிடுகிறது. கவனித்துப் பார்த்தால் சில சின்னங்களின் கீழ்விளிம்பிலிருந்து வெளுத்த கறை ஒன்று வழிந்திருப்பது தெரியும். முயல்கள் பறிக்கும், ஆடுகள் மிதிக்கும். பக்கத்துப் புல் வேர்விட்டு உள்ளே வரும்போது மெல்லிய கோடுகளையும் எழுத்துகளையும்தான் முதலில் தின்கிறது.

பழுது பார்ப்பது முழுக்க உடலுழைப்பு. முதலில் களையைக் கையால் பிடுங்கி, விளிம்பைப் பழைய கோட்டுக்கு வெட்ட வேண்டும். இந்த இடத்தில் ஒரு சாண் தவறினாலும் உருவம் மாறிவிடும். பிறகு சாம்பல் பூத்த மேற்பரப்பைச் சுரண்டி, உடைத்த புதுச் சாக்கை ஈரமாகப் பரப்பி, திமிசால் கெட்டிக்க வேண்டும். காய்ந்த சாக் பிடிக்காது, உருண்டு போகும். செங்குத்துச் சரிவில் இதையெல்லாம் செய்வது லேசான வேலையல்ல. இதைக் கவனிக்கச் சின்னங்களுக்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது. பணமும் ஆளும் எல்லாச் சின்னத்துக்கும் போதாததால் சிலவற்றைப் புல்லுக்கு விட்டுவிட வேண்டிவந்தது. அது கொடுமையான தேர்வுதான், ஆனாலும் பாதி தெரிந்தும் தெரியாமலும் எல்லாவற்றையும் வைத்திருப்பதைவிட அதுவே மேல். அப்படிக் கைவிடப்பட்டதைப் பின்னாளில் மீட்கவும் முடிகிறது. பக்கத்து ஊரான காம்ப்டன் சேம்பர்லேனின் சரிவில், அதே போரின்போது செதுக்கிய ஆஸ்திரேலிய வரைபடம் அப்படித் திரும்ப வந்திருக்கிறது.

டாக்சியில் மிச்சம் பிடித்த காசைச் சங்கத்துக்குக் கொடுங்கள். பஸ்ஸுக்கு நேரமிருந்தால் செயின்ட் ஜார்ஜ் தேவாலயக் கல்லறைக்கும் போய் வாருங்கள். அங்குள்ள முதல் உலகப்போர்க் கல்லறைகளில் பல ஆஸ்திரேலியர்களுடையவை.