மழை விட்டும் கிளம்பாத கார்

டிசம்பர் 1, 2024, ஞாயிறு

ஃபெஞ்சல் புயல் நேற்றிரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்துவிட்டது. சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் தெருத் தண்ணீர்தான் இன்னும் வடியவில்லை. அப்பா 1997இல் வாங்கிய கார்புரேட்டர் கார் நேற்று முழுவதும் வாசலில் நனைந்தபடி நின்றது. கை பரபரத்தாலும் சாவியைத் திருப்பவில்லை. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், காற்றைப்போல் அது சுருங்கிக் கொடுக்காது என்பதால், செல்ஃப் அடித்த மாத்திரத்தில் பிஸ்டனைத் தாங்கி நிற்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன். தாள் காய்ந்தே இருந்தது. ஆயில் குச்சியிலும் எண்ணெய், தண்ணீர் கலந்தால் ஆவதுபோல், பால் கலந்த காப்பி நிறத்துக்கு மாறவில்லை. அதன்பிறகே செல்ஃப் அடித்தேன். எஞ்சின் நன்றாகச் சுற்றியது, பெட்ரோல் வாடையும் வந்தது, ஆனால் பிடிக்கவில்லை. பேட்டரியையும் இறக்கிவிடக் கூடாதென்று மூன்று முறையோடு நிறுத்திக்கொண்டேன்.

டிசம்பர் 2, திங்கள்

செல்ஃபும் பெட்ரோலும் சரியாக இருக்கையில், பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்குக்கு வரும் கரண்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். அந்தக் கரண்டை ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்துப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றியபோது, வெந்த இட்லிப் பானையின் மூடியைத் திறந்ததுபோல் உட்புறமெங்கும் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. பழைய வேட்டித் துணியால் ஒற்றியெடுத்து, வெயிலில் ஒரு மணி நேரம் வைத்து மாட்டினேன். எஞ்சின் பிடித்தது, ஆனால் ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் குலுங்கிக் குலுங்கிச் சிறிது நேரத்தில் நின்றுவிட்டது.

டிசம்பர் 3, செவ்வாய்

பல ஆண்டுகளாக இந்த வண்டியைப் பார்த்துவரும் மெக்கானிக் மாலையில் வந்தார். "விளக்கை அணைச்சுட்டு பானெட்டுக்குள்ள பாருங்க சார்" என்றார். என் மனைவி சாவியைத் திருப்ப, பிளக் வயர்களிலிருந்து எஞ்சின் இரும்புக்கு நீலப் பொறிகள் தாவியதை இருட்டில் கண்கூடாகக் கண்டேன். மூடியின் உள்ளே, பென்சிலால் கீறியதுபோன்ற மெல்லிய கரிக்கோடு ஒன்றையும் அவர் டார்ச் அடித்துக் காட்டினார். இருபதாயிரம் வோல்ட்டையும் தாண்டக்கூடிய மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அந்தக் கோட்டின் வழியே கசிந்துவிடும். ஈரத்தைத் துடைக்கலாம், கோட்டைத் துடைக்க முடியாது.

டிசம்பர் 5, வியாழன்

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புது மூடி, அதனுள் சுழலும் ரோட்டர், பிளக் வயர்கள் வாங்கினேன். சிலிண்டர் வரிசை மாறிவிடாதபடி, பழைய வயரை ஒவ்வொன்றாகக் கழற்றி, அதே இடத்தில் புதியதைச் செருகிய பிறகே அடுத்ததைத் தொட்டேன்.

டிசம்பர் 12, வியாழன்

மறுபடியும் மழை. வண்டி வாசலில் நனைந்துகொண்டே நின்றது. காலையில் சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினேன். முதல் சுற்றிலேயே பிடித்தது. மூன்று சிலிண்டரும் சீராக ஓடும் சத்தத்தை அப்பா திண்ணையிலிருந்தே கேட்டுத் தலையசைத்தார்.