டவர் இல்லாத மலையில் வழி காட்டும் செட்

போன வருஷம் ஆடி மாதம், ஒரு நாள் சாயங்காலம் நாலரை மணிக்கு பாலக்காடு ஜில்லாவின் மலைப்பகுதியான அட்டப்பாடியிலிருந்து போன் வந்தது. சோலையூருக்கு மேலே உள்ள ஒரு பண்ணை. கறவை மெஷினில் வேக்கம் (பாலை இழுக்கும் உறிஞ்சு சக்தி) ஏறவில்லை, 22 மாடுகள் கறவைக்கு நிற்கின்றன என்றார்கள். நான் கறவை மெஷின் சர்வீஸ் செய்கிறவன். கேரளா-தமிழ்நாடு எல்லைப் பக்கம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம், கோயம்புத்தூர், ஆனைகட்டி என்று சுற்றிப் போக வேண்டும். ஆனைகட்டி தாண்டி மலை ரோட்டில் ஏறியதும் போனில் டவர் போய்விட்டது. மேப் இருந்த இடம் வெள்ளைத்தாள் ஆனது. மழை, இருட்டு, வழி கேட்க ஆள் இல்லை. ரோடு பிரிகிற ஓர் இடத்தில் இடது பக்கம் போய்விட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் அலைந்து பண்ணைக்குப் போனபோது வீட்டில் உள்ள எல்லோரும் கையால் கறந்துகொண்டிருந்தார்கள். "ஏந் தம்பி, இத்தனை நேரமா? ரெண்டு மாட்டுக்கு மடி கல்லாட்டமாப் போச்சு பாரு" என்றார் அந்த அம்மா. அடுத்த வாரம் அதில் ஒரு மாட்டுக்கு மடிநோய் வந்தது. நேரத்துக்குக் கறக்காத மடியில் பால் தேங்கி நின்றால் என்ன ஆகும் என்பது என் தொழிலில் தினமும் பார்க்கிற விஷயம். அந்த மாடு என் மனதை விட்டு இன்னும் போகவில்லை.

திரும்பி வரும்போது ஒன்றைக் கவனித்தேன். மேப் வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் நடுவில் நீலப்புள்ளி நகர்ந்துகொண்டே இருந்தது. நான் வளைந்தால் அதுவும் வளைந்தது. அப்படியென்றால் நான் எங்கே இருக்கிறேன் என்பது போனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் புள்ளிக்குக் கீழே விரிக்க ரோட்டுப் படம்தான் அதனிடம் இல்லை.

"டவர் இல்லைன்னா ஜிபிஎஸ் வேலை செய்யாது" என்று நம் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது தவறு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. நம் கருவி அவற்றிடமிருந்து கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். நாலு கோளின் சிக்னல் கேட்டால் இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். இதற்கு சிம்மும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். நெட் வேண்டியது மேப்பைக் கொண்டுவரத்தான். காருக்கு நேவிகேஷன் செட் வாங்கப் போகிறவர் இந்த ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொண்டால் கடையில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

என் வண்டி 2014 மாடல் வேகன் ஆர். முதலில் பாலக்காட்டில் ஒரு கடை, அப்புறம் பொள்ளாச்சியில் ஒன்று, கடைசியாக கோயம்புத்தூர் காந்திபுரம் பக்கம் ஒன்று. மூன்று இடத்திலும் முதலில் காட்டியது ஒரே மாதிரி செட்: பெரிய திரை, ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஆப்பிள் கார்ப்ளே. "போனைக் கனெக்ட் பண்ணுனா மேப் வந்துருமுங்கண்ணா, தனியா நேவிகேஷன் எதுக்குங்க?" என்று கோயம்புத்தூர்க் கடைத் தம்பி கேட்டான். நல்ல கேள்விதான், ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு அதுவே போதும். ஆனால் அதில் மேப் ஓடுவது போனில். காரின் திரை அதைப் பெரிதாகக் காட்டுகிறது. சோலையூரில் என் போன் வெள்ளைத்தாள் காட்டினால் காரிலும் 7 இன்ச் வெள்ளைத்தாள்தான். போனிலேயே மேப்பை முன்கூட்டி இறக்கி வைக்கலாம், அதற்கு வழி இருக்கிறது. ஆனால் அது காலாவதியாகும், மறுபடி புதுப்பிக்க வேண்டும். அதோடு பாலக்காட்டு வெயிலில் கண்ணாடி ஓரம் வைத்த போன் சூடேறி அணைந்துவிடும். என் போனில் பண்ணைக்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். வழி காட்டுகிற வேலையைப் போனிடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

ஆக எனக்கு வேண்டியது இரண்டு. செட்டுக்குச் சொந்தமாக ஜிபிஎஸ் ஆண்டெனா, செட்டுக்குள்ளேயே மேப்.

பெரிய கம்பெனி நேவிகேஷன் செட்களில் இது இரண்டும் உண்டு. கூடவே இன்னொன்று உண்டு: வண்டியின் ஸ்பீடு வயரையும் உள்ளே ஒரு கைரோவையும் (வண்டி திரும்புவதை உணரும் கருவி) வைத்து, கோள் கேட்காத இடத்திலும் எவ்வளவு தூரம் போனோம், எந்தப் பக்கம் திரும்பினோம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போகும். இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது, ஏனென்றால் இந்த யோசனை ஜிபிஎஸ்ஸை விட முந்தியது. 1981-ல் ஹோண்டா ஒரு கருவி கொண்டுவந்தது. கோள் எதுவும் கிடையாது, கைரோவும் சக்கரம் ஓடிய தூரமும்தான், வண்டி இருக்கும் இடத்தை மேப் தாளின் மேல் காட்டியது. ஜிபிஎஸ் வைத்த கார் நேவிகேஷன் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1990-ல்.

நமக்கு அது எங்கே உதவும்? குதிரான் சுரங்கத்தில். பாலக்காட்டிலிருந்து திருச்சூர் போகிற வழியில் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் மலைக்குள் போகிறோம், அங்கே எந்தக் கோளும் கேட்காது. ஆனால் உள்ளே திரும்புகிற வழி ஒன்றும் கிடையாதே. நேராகப் போய் வெளியே வந்தால் அரை நிமிடத்தில் செட் மறுபடி இடத்தைப் பிடித்துவிடும். அந்த ஒரு வசதிக்காக இருமடங்கு விலை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மேம்பாலத்துக்கு மேலே ரோடு, கீழே ரோடு என்று இருக்கும் பெருநகரத்தில் ஓட்டுகிறவர் என்றால் யோசிக்காமல் கொடுக்கலாம்.

குதிரான் இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. பாலக்காட்டுக் கடையில் பழைய நேவிகேஷன் செட் ஒன்றை மலிவாகத் தருவதாகச் சொன்னார்கள். அதன் மேப்பில் குதிரானைத் தேடினேன். பழைய மலை ரோடு மட்டும்தான் இருந்தது. சுரங்கத்தின் இரண்டு குழாய்களில் முதலாவது திறந்தது 2021 ஜூலை 31. அதற்கு முந்தைய மேப் அது. புதுப்பிக்க என்ன வழி என்று கேட்டதற்கு நேரான பதில் வரவில்லை. அதை அங்கேயே விட்டுவிட்டேன். செட்டுக்குள் மேப் இருந்தால் மட்டும் போதாது, அதை மாற்ற முடிய வேண்டும். உங்கள் ஊரில் கடைசியாகத் திறந்த பைபாஸையோ பாலத்தையோ தேடிப் பாருங்கள், மேப்பின் வயது தெரிந்துவிடும்.

கடைசியில் எடுத்தது ஒரு ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ. 4 ஜிபி ரேம், ஜிபிஎஸ் ஆண்டெனா தனி வயரில், பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெளிவாகத் தெரியும் ஐபிஎஸ் திரை. ஃப்ரேம், வயர் இணைக்கும் கப்ளர், கூலி எல்லாம் சேர்த்து ரூ.19,500 ஆனது. வாங்குவதற்கு முன் கடைத் தம்பியிடம் ஒன்று கேட்டேன்: வைஃபையை அணைத்துவிட்டு, என் போனையும் ஆஃப் செய்துவிட்டு, டெமோ செட்டை வாசலில் ஒரு வண்டியில் வைத்து ஓட்டிக் காட்டு. அவன் சலித்துக்கொள்ளாமல் செய்தான். வாசலில் ஒரு நிமிடத்துக்குள் இடம் பிடித்தது. ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், சீனாவின் பெய்டோ கோள்களையும் அந்த செட் கேட்டது. மலைக்கு இது முக்கியம். பள்ளத்து ரோட்டில் பாதி வானம் மலைக்குப் பின்னால் மறைந்துவிடும், மிச்ச பாதியில் நாலு கோளாவது தெரிய வேண்டும்.

மேப்புக்கு, மக்களே சேர்ந்து வரைகிற ஓபன்ஸ்ட்ரீட்மேப் படத்தை வைத்து ஓடும் இலவச ஆப் ஒன்றைப் போட்டேன். எல்லைக்காரர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: இந்த ஆப்பில் மேப்பை மாநிலவாரியாகப் பிரித்துத்தான் தருகிறார்கள். கேரளாவை மட்டும் இறக்கினால் வேலந்தாவளம் தாண்டியதும் வழி நின்றுவிடும். நம் வாழ்க்கை இரண்டு பக்கமும் கிடக்கிறது. பறம்பிக்குளத்தையே பாருங்கள், இருப்பது பாலக்காடு ஜில்லாவில், ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாடு வழியாகத்தான் போக முடியும். இரண்டு மாநிலமும் செட்டில் இருந்தால்தான் அந்த வழி வரும்.

தேடும்போது எழுத்துக்கூட்டல் ஒரு தொல்லை. நம் ஊர்ப் பெயரில் இருக்கும் ழகரத்தை ஆங்கிலத்தில் ஒருவர் ஒரு மாதிரி எழுதுவார். ஒரு எழுத்து மாறினாலும் ஊரே இல்லை என்று சொல்லிவிடும். அதனால் என் பண்ணைகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நேரில் நின்று குறித்து, தமிழிலேயே பெயர் கொடுத்து வைத்துவிட்டேன். இப்போது 60-க்கு மேல் இருக்கின்றன.

பொருத்துவதில் இரண்டு தப்பு நடந்தது, இரண்டும் சொல்ல வேண்டியவை. ஆண்டெனாவை செட்டுக்குப் பின்னால் இரும்பு பிராக்கெட் மேலேயே ஒட்டிவிட்டார்கள். முதல் நாள் எத்தனை தடவை ஓட்டினாலும் புள்ளி ரோட்டை விட்டுத் தென்னந்தோப்புக்குள் ஓடியது. அதைக் கழற்றி, முன்கண்ணாடிக்குக் கீழே டேஷ்போர்டு மூலையில் வானம் பார்க்க வைத்ததும் சரியாகிவிட்டது. பிளாஸ்டிக்குக் கீழே இருக்கலாம், இரும்புக்குக் கீழே கூடாது. கண்ணாடியில் உலோகப் பூச்சுள்ள ஃபிலிம் ஒட்டியிருந்தாலும் சிக்னல் குறையும்.

அடுத்தது வயர். மஞ்சள் வயர் எப்போதும் பேட்டரியில் இருக்க வேண்டும், சிவப்பு சாவி திருப்பினால் மட்டும் கரண்ட் வருகிற இடத்தில் இருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக முறுக்கி பேட்டரியில் கொடுத்துவிட்டார்கள். செட் அணையவே இல்லை. நாலு நாள் வண்டியை எடுக்காமல் விட்டதில் பேட்டரி இறங்கிவிட்டது, விடியக்காலை ஒரு பண்ணைக்குப் போக முடியாமல் மச்சினன் வண்டியைக் கடன் வாங்கினேன். ஆரஞ்சு வயரைக் கேட்டு மாட்டச் சொல்லுங்கள், பல இடத்தில் சும்மா விட்டுவிடுகிறார்கள். லைட் போட்டதும் திரை தானாக மங்குவது அந்த வயரால்தான். நெல்லியாம்பதி வளைவுகளில் இரவில் இறங்கும்போது முகத்துக்கு நேரே வெள்ளைத் திரை எரிந்தால் ரோடு தெரியாது.

பாட்டைப் பற்றிக் கேட்டால், எனக்கு இது போதும். பெட்டியில் 4 x 50 வாட்ஸ் என்று போட்டிருப்பது உச்சத்தில் வருவது. தொடர்ந்து கிடைப்பது அதில் பாதிக்கும் குறைவு. ரேடியோதான் கொஞ்சம் வருத்தம். பழைய செட்டில் கோவை வானொலியும் திருச்சூர் வானொலியும் தெளிவாகக் கேட்கும், இதில் கொல்லங்கோடு பக்கம் இரைச்சல் வருகிறது.

போன மாதம் அதே சோலையூர்ப் பண்ணைக்கு லைனர் (கறவை மெஷினில் மாட்டின் காம்பில் மாட்டும் ரப்பர்) மாற்றப் போனேன். டவர் போன இடத்துக்கு அப்புறமும் மேப்பில் ரோடு இருந்தது. நான் தப்பாகத் திரும்பிய இடத்தில் வலது பக்கம் என்று காட்டியது. ஆனால் கடைசி 800 மீட்டர் மண் வழி அதில் இல்லை, தோட்டத்து நடுவே புள்ளி தனியாக நின்றது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அன்றிரவு வீட்டுக்கு வந்து, செட்டில் பதிவான தடத்தை வைத்து அந்த மண் வழியை நானே வரைந்து ஏற்றினேன். மறு மாத மேப்பில் வந்துவிட்டது.

அப்படி இதுவரை 14 வழிகள் வரைந்திருக்கிறேன். வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் களத்து வழிகள் இன்னும் நிறைய விட்டுப்போயிருக்கின்றன. அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் உங்கள் தோட்டத்து வழியை வரைந்து போடுங்கள். கால்நடை டாக்டரோ, ஆம்புலன்ஸோ, என்னைப் போல ஒருவனோ ராத்திரியில் அதைத் தேடிக்கொண்டு வருவார்கள்.