அமெரிக்காவுக்கு வரலாறு உண்டா?

சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் காரன்வாலிஸ் பிரபுவின் சிலை ஒன்று இருக்கிறது. அதன் பீடத்தில், 1792-இல் திப்பு சுல்தானின் இரண்டு மகன்கள் பிணையாக ஒப்படைக்கப்பட்ட காட்சியைப் புடைப்புச் சிற்பமாகச் செதுக்கியிருக்கிறார்கள். கல்லூரி நாட்களில் அதன் முன் நின்றபோது, தோல்வி என்பதையே அறியாத ஒரு தளபதியைப் பார்ப்பதாகத்தான் நினைத்தேன். அதே மனிதர் அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் தளபதியாக இருந்து, 1781 அக்டோபர் 19-ஆம் நாள் வர்ஜீனியாவின் யார்க்டவுனில் முழுப் படையோடு சரணடைந்தவர் என்பதும், அன்று உடல்நலமில்லை என்று கூறித் தம் இருப்பிடத்திலேயே தங்கிவிட்டுத் தமக்கு அடுத்த தளபதியிடம் வாளைக் கொடுத்தனுப்பியவர் என்பதும் எனக்குத் தெரிய வந்தபோது, பட்டம் வாங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஐரோப்பிய வரலாற்றை விரும்பி விரும்பிப் படித்த நான், அமெரிக்க வரலாற்றைத் தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் மனப்பாடம் செய்து முடித்திருந்தேன்.

அப்படிப் படித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. இருநூற்றைம்பது ஆண்டுகளில் என்ன பெரிய வரலாறு இருந்துவிடப் போகிறது என்று நாங்கள் எல்லோருமே நம்பினோம். இன்றும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஐரோப்பிய வரலாற்றின் கவர்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஜெர்மனியின் கொலோன் நகரப் பேராலயத்தை 1248-இல் கட்டத் தொடங்கி 1880-இல்தான் முடித்தார்கள். இடையில் வேலை நின்றுபோன காலத்தில், பாதியில் விடப்பட்ட தெற்குக் கோபுரத்தின் உச்சியில், கல் தூக்கப் பயன்பட்ட மரப் பாரந்தூக்கி ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் அப்படியே நின்றது. மதப் பிளவு, முப்பதாண்டுப் போர், நெப்போலியனின் படைகள் எல்லாம் அதன் நிழலிலேயே வந்து போயின. காலம் இப்படி அடுக்கடுக்காகப் படிந்து கிடப்பதைக் காணும் நிறைவை அமெரிக்கா நமக்குத் தருவதில்லை.

ஆனால் அந்த இருநூற்றைம்பது என்ற கணக்கே பிழையானது. இன்றைய செயின்ட் லூயிஸ் நகருக்கு எதிரே, மிசிசிப்பி ஆற்றின் மறுகரையில், கஹோக்கியா என்ற நகரம் இருந்தது. கி.பி. 1100-ஐ ஒட்டிய காலத்தில் அங்கே பல்லாயிரம் பேர் வாழ்ந்தார்கள்; அவர்கள் கூடைகளில் மண் சுமந்து கொட்டி எழுப்பிய பெருமேடு இன்றும் முப்பது மீட்டர் உயரத்தில் நிற்கிறது. தொடக்கத்தை, விடுதலை அறிவிக்கப்பட்ட 1776-இல் வைப்பவர்கள் இந்த மேட்டைப் பார்க்காமலேயே கடந்து போகிறார்கள். ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் இரு வேறு வரலாறுகளாகப் பிரிப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. யார்க்டவுனில் காரன்வாலிஸுக்குக் கடல்வழி உதவி வராமல் தடுத்தது பிரெஞ்சுக் கடற்படை. அந்தப் போருக்காகப் பிரான்ஸ் வாங்கிக் குவித்த கடன்தான் அரசின் கருவூலத்தைக் காலி செய்து, 1789-இல் பிரெஞ்சுப் புரட்சிக்கு வழிவிட்ட பிரதிநிதிகள் அவையை மன்னர் கூட்ட வேண்டிய நிலைக்குத் தள்ளிய காரணங்களில் முக்கியமானது.

இவையெல்லாம் வெளிவாசல் செய்திகள்தான். என்னை உள்ளே இழுத்துக்கொண்டது வேறொன்று. ஐரோப்பிய நாடுகள் மொழியாலும் முடியாட்சியாலும் சமயத்தாலும் மெல்ல மெல்ல உருவானவை. அமெரிக்காவோ, எழுதி வைத்த சில பக்கங்களின் மேல் கட்டப்பட்டது. அந்தப் பக்கங்களில் உள்ள சொல் யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்ற வழக்குதான் அந்நாட்டின் வரலாறாக இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறது. 1787-இன் கோடையில், பேச்சு வெளியே கசியக் கூடாது என்பதற்காகக் கதவு சன்னல்களை மூடிக்கொண்டு, பிலடெல்பியாவில் அரசியலமைப்பை எழுதியவர்கள், அடிமை என்ற சொல்லை அதில் ஓரிடத்திலும் எழுதவில்லை. நாடாளுமன்றத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் எத்தனை இடங்கள் என்று கணக்கிடும்போது, சுதந்திரமானவர்களைக் கூட்டிய பின் “மற்ற அனைவரிலும்” ஐந்தில் மூன்று பங்கைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் எழுதினார்கள். அடிமைமுறை என்ற சொல் அந்த ஆவணத்தில் முதன்முறையாக இடம்பெற்றது 1865-இல், அதை ஒழித்த பதின்மூன்றாம் திருத்தத்தில்தான். எழுதக் கூசிய சொல்லை எழுத வைப்பதற்கு எழுபத்தெட்டு ஆண்டுகளும் ஓர் உள்நாட்டுப் போரும் தேவைப்பட்டன.

இந்த வழக்கில் வாதாடியவர்களில், அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கி மக்களைப் போல என் மனத்தை வருத்தியவர்கள் இல்லை. ஆங்கிலம் படிக்கத் தெரியாத செக்கோயா என்ற செரோக்கிக்காரர், வெள்ளையர் தாளில் எழுதிப் பேசிக்கொள்வதைப் பார்த்து, தம் மொழிக்கும் அது வேண்டும் என்று பல ஆண்டுகள் முயன்று, 1821-இல் ஓர் எழுத்துமுறையை முடித்தார். நம் உயிர்மெய் எழுத்தைப் போல ஒவ்வோர் அசைக்கும் ஓர் எழுத்து; இன்று வழங்குபவை 85. சில ஆண்டுகளில் பெருவாரியான மக்கள் அதைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். 1827-இல் தங்களுக்கென ஓர் அரசியலமைப்பை எழுதினார்கள். 1828 பிப்ரவரியில் ஜார்ஜியாவின் நியூ எக்கோட்டாவிலிருந்து இருமொழிச் செய்தித்தாள் வெளியிட்டார்கள். எழுதப்பட்ட சட்டத்தை மதிப்பதாகச் சொன்ன நாட்டிடம் எழுத்தையே கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவர்கள் நிலத்தில் ஜார்ஜியா மாநிலத்தின் சட்டம் செல்லாது என்று 1832-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு அவர்களைக் காக்கவில்லை. ஒரு சிறு பிரிவினர் மட்டும் கையெழுத்திட்ட 1835-ஆம் ஆண்டு உடன்படிக்கையைக் காட்டி, அதை எதிர்த்து ஏறத்தாழ பதினைந்தாயிரம் பேர் ஒப்பமிட்ட மனுவைப் புறந்தள்ளி, 1838-இல் படையை அனுப்பி அவர்களை மேற்கே ஓட்டினார்கள். பதினாறாயிரம் பேரில் சுமார் நாலாயிரம் பேர் இறந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அரசர்களின் திருமண உறவுகளை மனப்பாடம் செய்த நான் இந்த மக்களைத் தேர்வுக்குக்கூடப் படித்ததில்லை என்பதை நினைக்கும்போது இன்றும் வலிக்கிறது.

எழுத்தறியாத ஒருவர் அதே வழக்கில் வென்ற கதையும் உண்டு. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862 மே 13 அதிகாலை, தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் பிளான்டர் என்ற நீராவிக் கப்பல் நின்றது. தெற்கு மாநிலங்களின் படைக்குப் பீரங்கிகளும் சரக்கும் ஏற்றிச் செல்லும் கப்பல் அது. வெள்ளை அதிகாரிகள் மூவரும் இரவு உறங்கக் கரைக்குப் போயிருந்தார்கள். சுக்கான் பிடித்த ராபர்ட் ஸ்மால்ஸ் 23 வயது அடிமை. அவர் செய்தது கப்பலுக்கு வழிகாட்டும் வேலைதான் என்றாலும், கறுப்பருக்கு அந்தப் பதவிப் பெயரைத் தருவதில்லை. அவரும் உடனிருந்த அடிமை மாலுமிகளும் கொதிகலனை மூட்டிக் கப்பலைக் கிளப்பி, வழியில் தங்கள் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டார்கள். கப்பல் தலைவரின் அகன்ற வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்து, அவரைப் போலவே நின்றுகொண்டு, ஒவ்வொரு கோட்டையைக் கடக்கும்போதும் உரிய ஊதல் ஒலியைத் தவறாமல் எழுப்பினார் ஸ்மால்ஸ். சம்டர் கோட்டையின் பீரங்கிகள் எட்டாத தொலைவுக்குப் போனதும் கொடியை இறக்கிவிட்டு, வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றை ஏற்றினார்கள். எதிரே முற்றுகையிட்டிருந்த வடக்குப் படையின் கப்பல் சுடுவதற்கு ஆயத்தமாகிவிட்ட நேரத்தில்தான் அந்த வெள்ளைத் துணி அவர்கள் கண்ணில் பட்டது. பதினாறு பேர் அந்த விடியலில் விடுதலை பெற்றார்கள்.

ஸ்மால்ஸ் அதற்குப் பிறகே படிக்கக் கற்றார். எந்த வீட்டின் பின்புறக் குடிசையில் அடிமையாகப் பிறந்தாரோ, போஃபர்ட் ஊரிலிருந்த அந்த வீட்டையே விலைக்கு வாங்கினார். 1868-இல் தென் கரோலினாவின் புதிய அரசியலமைப்பை எழுதிய அவையில் உறுப்பினராக அமர்ந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளி வேண்டும் என்று வாதாடினார். பின்னர் நாடாளுமன்றத்துக்கும் பலமுறை தேர்வானார். ஒரு மனிதர் விலைக்கு விற்கப்படும் பொருளாக இருந்து சட்டம் எழுதுபவராக மாறுவதற்கு ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த விரைவுக்கு ஈடாக ஐரோப்பிய வரலாற்றில் நான் படித்தவை மிகச் சில.

1895-இல் அதே மாநிலம் இன்னோர் அரசியலமைப்பை எழுதக் கூடியது. அதன் நோக்கம் கறுப்பரின் வாக்குரிமையைப் பறிப்பது. அரசியலமைப்பின் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும் அல்லது அதன் பொருளை விளக்க வேண்டும் என்றும், அது போதுமா என்பதை வாக்காளர் பதிவு அதிகாரியே முடிவு செய்வார் என்றும் விதி செய்தார்கள். நூற்று அறுபது உறுப்பினர்களில் கறுப்பர் ஆறு பேர். அவர்களில் ஒருவர் ஸ்மால்ஸ். அவர் எழுந்து எதிர்த்துப் பேசினார்; தோற்றார். 1915-இல் போஃபர்டில் தாம் வாங்கிய அந்த வீட்டிலேயே இறந்தார். அத்தகைய தேர்வுகளைத் தடுத்த வாக்குரிமைச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டது 1965 ஆகஸ்ட் 6-ஆம் நாள்.